பாதி நாற்காலி

மார்ச் 4

தம்பிக்கு,

நீ எம்.பி. பதவியை விட்டுவிட்டாய் என்பதை எனக்குச் சொன்னது டீக்கடை டிவி. கடைக்கு எதிரே ஆட்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள். எங்கோ விபத்து என்று நினைத்து நானும் போய் நின்றேன். பார்த்தால் உன் முகம். டீக்கடைக்காரர் திரும்பி, "அக்கா, உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?" என்றார். "தெரியாம என்ன" என்று சொல்லிவிட்டு வந்து என் கடைக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டேன். கூடப் பிறந்தவளை அந்த இடத்தில் நிறுத்தினாய் பார், அதை இன்னொரு நாள் பேசிக்கொள்கிறேன்.

போன் பண்ணினேன், எடுத்தாய், பேசினாய். பேசிக்கொண்டே போனாய். நீ கைதட்டு வருகிற இடத்தில்தான் மூச்சு விடுவாய். நான் கைதட்டவில்லை, அதனால் நீ மூச்சு விடவில்லை, எனக்குப் பேச இடமும் கிடைக்கவில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதில் நீ குறுக்கே வர முடியாது.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. சம்பளம் கேட்டதற்காக ஆலையைப் பூட்டிவிட்டுப் போனவர் மில்காரர். அந்தப் பூட்டிய கேட்டில், அது திறக்கும்வரை நின்று பேசித்தான் நீ ஊருக்குத் தெரிந்தாய். கட்சி உன்னைக் கூப்பிட்டு சீட் கொடுத்ததும், நீ நின்று அவரையே தோற்கடித்ததும் அதனால்தான். இப்போது அவருடைய கட்சியோடு உன் கட்சி கூட்டணி. ஒரே மேடையில் அவர் பக்கத்தில் உட்கார் என்றால் யாருக்கும் வயிறு எரியும். எனக்கும் எரிந்தது.

ஆனால் எரிச்சலில் எடுக்கிற முடிவு வியாபாரத்தில் உருப்பட்டதாக நான் பார்த்ததில்லை. இடைத்தேர்தல் வரும். கட்சி அந்த இடத்தைக் கூட்டணிக்கு விட்டுக்கொடுக்கும். கூட்டணியில் இந்த ஊர்மேல் கண் வைத்திருப்பவர் யார்? நீ எழுந்து வந்த இடத்தில் அவர்தான் வந்து உட்காருவார். நீயே துடைத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நாற்காலி வாடகைக்கு விடுகிறவளுக்கு அரசியல் என்ன தெரியும் என்பாய். இந்த ஊரில் எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும் மேடையும் பந்தலும் நாற்காலியும் என் குடோனிலிருந்துதான் போகிறது. மறுநாள் திரும்பி வரும்போது எதில் ஆள் உட்கார்ந்தது, எது தூசியோடு போய்த் தூசியோடு வந்தது என்று எனக்குத் தெரியும். அந்த அறிவு போதும்.

சபாநாயகர் ஏற்றுக்கொள்வதற்குள் போய்த் திரும்ப வாங்கு. உடம்பு சரியில்லாமல் எழுதிவிட்டேன் என்று எதையாவது சொல். வெட்கமாக இருந்தால் என் மேல் பழியைப் போடு. அக்கா அழுதாள் என்று சொல்லிக்கொள்.

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சபாநாயகர் ஏற்றுக்கொண்டுவிட்டார். ஏற்காமல் இருந்திருந்தாலும் நான் கை நீட்டித் திரும்ப வாங்கியிருக்க மாட்டேன். உன்னிடம் முன்கூட்டிச் சொல்லாதது தவறுதான். சொன்னால் நீ தடுத்திருப்பாய். நீ தடுத்தால் நான் நின்றிருப்பேன்.

தலைவர் வீட்டில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே போனபோது மில்காரர் ஏற்கெனவே சோபாவில் இருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி, சொந்த வீடு மாதிரி. தலைவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "பழசையெல்லாம் விட்டுருங்க தம்பி. இப்ப இவரும் நம்ம ஆளுதான்" என்றார். மில்காரர் எழுந்து கையை நீட்டினார். அன்றைக்கு ஆலை கேட்டுக்கு வெளியே குழந்தைகளோடு படுத்துக் கிடந்தவர்கள் எல்லோரும் என் கண்முன் வந்தார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

தலைவரிடம் ஒன்றுதான் சொன்னேன். "ஐயா, ஒரு தடவை என் கூட்டத்துக்கு வந்து பாருங்க. உட்கார இடமில்லாம ஜனங்க ரோடு வரைக்கும் நிக்கிறாங்க. அவங்க கட்சிக்காக நிக்கல." தலைவர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார். பயந்துவிட்டார் என்று வெளியே வந்த பிறகு எனக்குப் புரிந்தது.

நான் சுயேச்சையாக நிற்கப் போகிறேன். நீ பந்தல் துணிக்கு விலை கேட்பதுபோல எல்லாவற்றையும் கணக்காகப் பார்க்கிறாய். அந்த மக்களை நான் மேடையிலிருந்து முகத்துக்கு முகம் பார்த்திருக்கிறேன். மூன்று வருஷமாக எந்தக் கூட்டத்திலும் எனக்கு முன்னால் ஒரு காலி நாற்காலியை நான் பார்த்ததில்லை. அவர்கள் என்னைத் திருப்பி அனுப்புவார்கள்.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தக் கூட்டணிக்கு உன் குடோனிலிருந்து ஒரு நாற்காலிகூடப் போகக் கூடாது. என் அக்கா போட்ட மேடையில் ஏறி அவர் என்னைத் திட்டக் கூடாது.

உன் தம்பி

மார்ச் 16

தம்பிக்கு,

நீ கேட்ட ஒன்றே ஒன்றுதான் என்னால் தர முடியாதது.

உன் மாமா போன பிறகு என்னிடம் இருந்தது மடக்கு நாற்காலி கொஞ்சமும் ஒரு தள்ளுவண்டியும். முதலில் சாவு வீடுகளுக்குத்தான் போட்டேன். கல்யாண வீட்டுக்காரர்கள் துருவைப் பார்ப்பார்கள், சாவு வீட்டில் யாரும் பார்க்க மாட்டார்கள். செத்தது நல்லவனா கெட்டவனா என்று நான் எந்த வாசலிலும் கேட்டதில்லை. அப்படிக் கேட்காமல் இருந்ததில்தான் குடோன் வந்தது, லாரி வந்தது, நீ கல்லூரிக்குப் போனாய். இன்றைக்கு ஒருத்தனுக்கு இல்லை என்று சொன்னால் நாளைக்கு அவனே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு குடோன் திறப்பான். அதற்கு அடுத்த நாள் நீ எனக்கு வந்து சோறு போட மாட்டாய். மேடையில் என் பெயரைச் சொல்லி உருகுவாய், அவ்வளவுதான்.

யார் முதலில் வந்து அட்வான்ஸ் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு அந்தத் தேதி. எல்லோருக்கும் ஒரே வாடகை. உனக்கும் அதே. இத்தனை வருஷமும் நீ கட்சியில் வாங்கித்தானே கொடுத்தாய், நான் தம்பி என்று தள்ளுபடி பண்ணினேனா?

இதற்கு மேல் ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். நீ நிற்பது என்று முடிவு பண்ணிவிட்டால் உன் கூட்டத்தை வேறு யாரிடமும் கொடுக்காதே. என்னிடமே கொடு, இப்போதே தேதியைச் சொல். எப்போதும் போல ஒரே நிபந்தனை. எத்தனை நாற்காலி, எங்கே போடுவது, நடுவில் எவ்வளவு வழி விடுவது என்பதில் நீ தலையிடக் கூடாது. மேடைக்கு மேலே நீ, மேடைக்குக் கீழே நான்.

தலைவர் சிரித்தார் என்று எழுதியிருக்கிறாய். பயந்தவன் பழம் சாப்பிட மாட்டான் தம்பி.

அக்கா

ஜூன் 3

அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடையிலிருந்து நாலு தெரு தள்ளி, பழைய அச்சகத்தின் மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இதுதான் என் தேர்தல் அலுவலகம். ஊருக்கு வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. நீங்கள் வரவில்லை, நானும் வரவில்லை.

நேற்று மைதானம் வழியாக வந்தேன். உங்கள் லாரி நின்றது. உங்கள் ஆட்கள் மில்காரருக்கு மேடை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாய் ஓயாமல் பேசுகிறானே, அதனாலேயே நீங்கள் 'ஊமை' என்று பெயர் வைத்த அந்த லோடுக்காரன், என்னைப் பார்த்ததும் முதல் தடவையாக நிஜமாகவே ஊமையானான். குனிந்து கயிறு கட்ட ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு இருந்த கூச்சம் உங்களுக்கு இல்லை.

எனக்குப் பூட்டுச் சின்னம் ஒதுக்கியிருக்கிறார்கள். குலுக்கலில் வந்தது. ஆலை வாசலில் ஒரு தொழிலாளி, "அன்னைக்குத் திறங்கன்னு வந்தீங்க, இன்னைக்குப் பூட்டைக் காட்டுறீங்களே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சின்னம் எதுவாக இருந்தாலும் அவர்களுக்கு என் முகம் தெரியும்.

என் முதல் கூட்டம் ஏழாம் தேதி, அதே மைதானத்தில். பக்கத்து ஊர்க்காரரிடம் நாற்காலி சொல்லிவிட்டேன். மூன்று வருஷமாக உங்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஒரு விஷயத்தை இந்த முறை செய்யப் போகிறேன். ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் இருந்த அம்மா ஒருத்தர், கால் சரியில்லாதவர், என் எல்லாக் கூட்டத்திலும் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நிற்பார். இன்னும் கொஞ்சம் நாற்காலி போடுங்கள் என்று நான் கேட்கும்போதெல்லாம் ஸ்டாக் இல்லை என்பீர்கள். இந்த முறை மைதானம் முழுக்கப் போடச் சொல்லியிருக்கிறேன். எனக்காக வருகிறவர் ஒருவர்கூட நிற்கக் கூடாது.

மேடைக்குக் கீழேயும் இனி நானே பார்த்துக்கொள்கிறேன்.

வேட்பாளர்

ஜூன் 4

தம்பிக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். எனக்கு வயசாகிவிட்டது என்பது அதைப் படித்துத்தான் தெரிந்தது.

சண்டையைத் தேர்தலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இப்போது இதை மட்டும் கேள். மைதானம் முழுக்கப் போடாதே. அந்த ஆள் எத்தனை கொண்டுவருகிறானோ அதில் பாதியைத் தவிர மீதியை லாரியை விட்டு இறக்கவே விடாதே. மேடைக்கு முன்னால் மட்டும் போடு, பின்னால் மண்ணாகவே கிடக்கட்டும். கால் முடியாத அந்த அம்மாவுக்கு முதல் வரிசையில் ஒன்று ஒதுக்கி வை.

இதை உன் அக்கா சொல்லவில்லை. நாற்காலிக்காரி சொல்கிறாள். ஊமையிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதில் வேண்டாம், செய்தால் போதும்.

அக்கா

ஜூன் 8

அக்காவுக்கு,

உன் சீட்டு வந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். "பாத்தீங்களா, அந்தப் பக்கம் அட்வான்ஸ் வாங்கிட்டு, நம்ம கூட்டத்தைப் பாதியாக் குறைக்கச் சொல்றாங்க" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மனைவி மட்டும், "அண்ணி காரணமில்லாம எழுத மாட்டாங்க" என்றாள். அவளைச் சும்மா இரு என்றேன்.

நேற்று மைதானம் முழுக்க வெள்ளை நாற்காலி. சாயங்கால வெயிலில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆட்கள் வந்தார்கள். அதைத்தான் நீ முதலில் புரிந்துகொள்ள வேண்டும். வந்தவர்கள் குறையவில்லை. எப்போதும் வருகிற முகங்கள் அத்தனையும் வந்தன. அந்த அம்மா வந்தார், உட்கார்ந்தார், காலை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து முடித்த பிறகு அவர்களுக்குப் பின்னால் வெள்ளையாக, வரிசை வரிசையாக, கடைசிவரை யாருமே இல்லை.

நான் பேச ஆரம்பித்தேன். எனக்குப் பேச வரவில்லை அக்கா. எந்த வரியை எடுத்தாலும் கண் பின்னால் போய் நின்றது. ஒரு போட்டோக்காரன் மேடையில் ஏறி எனக்குப் பின்னால் போனான். என் முதுகையும் அதற்கு முன்னால் விரிந்த வெள்ளையையும் சேர்த்து எடுத்தான். இன்றைக்குப் பேப்பரில் அதுதான். 'காலி நாற்காலிகளுக்கு உரை.' மத்தியானம்வரை ஒரு தொண்டன்கூட மாடிப்படி ஏறவில்லை.

முன்பெல்லாம் நின்றார்களே, அந்த ஜனங்கள் எங்கே? அதே ஆட்கள்தான் வந்தார்கள் என்றால் அப்போது எதற்காக நின்றார்கள்? உனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது?

தம்பி

ஜூன் 10

தம்பிக்கு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

அவர்கள் நின்றது உட்கார இடம் இல்லாததால். உட்கார இடம் இல்லாதது நான் போடாததால். உன் முதல் தேர்தலில் ஆரம்பித்தது. எவ்வளவு பேர் வருவார்கள் என்று எனக்கு ஒரு மதிப்பு வரும், அதில் பாதிக்குத்தான் நாற்காலி இறக்குவேன். மீதிப் பேர் நிற்பார்கள். நிற்கிற கூட்டம் ஓரமாகப் பரவும், ரோட்டைத் தொடும். ரோட்டில் போகிறவன் என்னவோ ஏதோ என்று வண்டியை நிறுத்துவான். அவனும் கூட்டம். போட்டோவில் காலி இடம் இருக்காது. இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை, இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். நான் கொஞ்சம் நன்றாகச் செய்வேன். ஸ்டாக் இல்லை என்று உன்னிடம் சொன்ன நாட்களில் குடோன் நிறைய இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நிற்கிற ஆட்களைப் பார்த்தால் நீ நன்றாகப் பேசினாய். குரலே வேறு மாதிரி வந்தது. சொன்னால் அது போய்விடும். சமையல்காரன் பந்தியில் வந்து எதில் என்ன கலந்தேன் என்று சொல்வானா? ஆனால் இதை நம்பி ஒருநாள் நீ வேலையை விடுவாய் என்று நான் நினைக்கவில்லை. உனக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்கும் என்றுதான் இருந்தேன். உன்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

உன் கட்சி மாவட்டச் செயலாளருக்குத் தெரியும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முந்தின நாள் வந்து, "வழக்கம் போலத்தானே அக்கா" என்று கேட்டுவிட்டுப் போவார். அவருக்குத் தெரிந்தது தலைவருக்குத் தெரியாமல் இருக்குமா?

போன தேர்தலில் மில்காரர் கேட்ட அளவை நான் அப்படியே போட்டுக் கொடுத்தேன். அவருக்குக் காலியாகக் கிடந்தது, உனக்கு நின்றார்கள். வந்த ஆள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். உன்னை ஜெயிக்க வைத்தது கட்சிச் சின்னமும், தெருத்தெருவாகப் போன கட்சி ஆட்களும். முகம் பார்த்துப் போட்டவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் மட்டும் போதாது.

இந்த முறை மில்காரரே கடைக்கு வந்தார். உடைந்த ஸ்டூல் ஒன்று வைத்திருக்கிறேனே, வேறு இடம் இருந்தும் அதில் போய் உட்கார்ந்தார். "போன தடவை எனக்கு எல்லாச் சேரும் காலியாக் கிடந்துச்சு. உங்க தம்பிக்கு மட்டும் எப்படி நின்னாங்கன்னு தூக்கம் வராம யோசிச்சிருக்கேன். இப்பத்தான் உங்க செயலாளர் சொல்லித் தந்தார். தம்பிக்குப் போட்ட மாதிரியே எனக்கும் போட்டுருங்கம்மா" என்றார்.

போட்டேன். அவருக்கு ரோடு வரை நின்றார்கள். கேட்டதைப் போடுவதுதான் என் வேலை. நீ என்னைக் கேட்கவே இல்லை.

அக்கா

ஜூன் 13

அக்காவுக்கு,

தலைவர் ஏன் சிரித்தார் என்று இப்போது புரிந்தது. ஆரஞ்சு வாசனையோடு புரிந்தது. நான் அந்த அறையில் மார்தட்டிச் சொன்னதை அந்த இரண்டு பேரும் நான் வெளியே வந்த பிறகு எப்படிச் சொல்லிச் சிரித்திருப்பார்கள் என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

உன் மேல் கோபப்பட ஒரு காரணம் தேடினேன். ஒன்று இருக்கிறது. நீ என்னைப் பேச வைப்பதற்காக அதைச் செய்தாய். பேச்சு நிஜமாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கூட்டத்தைப் பொய்யாக வைத்தாய். நான் அந்தப் பொய்யை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையை விட்டு வந்துவிட்டேன்.

பிரசாரத்தின் கடைசி நாள் இருபதாம் தேதி. பஸ் ஸ்டாண்டு முனையில் அனுமதி வாங்கியிருக்கிறேன். நாற்காலி உன்னுடையதாக இருக்கட்டும். பாதி போடு. பாதிக்கும் குறைவாகப் போட்டாலும் சரி. கேட்கவே இல்லை என்றாய், இப்போது கேட்டுவிட்டேன். மேடைக்குக் கீழே நீ.

தம்பி

ஜூன் 14

தம்பிக்கு,

இருபதாம் தேதி இல்லை. அன்றைக்கு மில்காரருக்கு நிறைவுக் கூட்டம். மேடை, பந்தல், நாற்காலி, மைக், இரண்டு லாரியும் அங்கே. மார்ச் மாதமே உன்னிடம் தேதி கேட்டேன். நீ பக்கத்து ஊர்க்காரரிடம் போனாய். அவர்கள் வந்து அட்வான்ஸ் கொடுத்தார்கள், நான் வாங்கிக்கொண்டேன்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். வாங்கிய அட்வான்ஸை நான் இதுவரை திருப்பிக் கொடுத்ததில்லை. உனக்காகத் திருப்பினால் அதோடு என் வாக்கு போயிற்று. உனக்கு அதனால் சீட் வரப் போவதும் இல்லை.

பக்கத்து ஊர்க்காரரை மறுபடி கூப்பிடாதே. அவருக்குப் பாதி போடத் தெரியாது. பாதி என்றால் ஒன்றுவிட்டு ஒன்று போடுவார்.

அக்கா

ஜூன் 27

அக்காவுக்கு,

முடிவு உனக்குத் தெரியும். மில்காரர் ஜெயித்தார், எனக்கு டெபாசிட் போயிற்று. உன் முதல் கடிதத்தை எடுத்துப் படித்தேன். நீ எழுதினபடியே ஆகியிருக்கிறது. அவரை வரவிடக் கூடாது என்று எழுந்தவன்தான் அவரை உட்கார வைத்திருக்கிறேன். இதைச் சொல்லிக்காட்ட நீ இன்னும் எழுதவில்லை. அதற்கு நன்றி.

கடைசி நாளில் பஸ் ஸ்டாண்டு முனைக்குப் போகவில்லை. நாற்காலியும் இல்லை, மேடையும் இல்லை. ஒரு ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு ஆலை கேட்டுக்குப் போனேன். ஷிஃப்ட் மாறுகிற நேரம். சாப்பாட்டுப் பையோடு நின்றார்கள். நின்றபடியே கேட்டார்கள். பழைய ஆட்கள் சிலர் தலையை ஆட்டினார்கள். எனக்குக் குரல் திரும்பி வந்தது. பூட்டிய நாட்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், சங்கு ஊதியது. ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தேன். அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டார்கள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அந்த அம்மாவின் மகனும் இருந்தான். போகும்போது, "தப்பா நினைக்காதீங்க சார். நிறுத்தி வெச்ச ராத்திரி ஷிஃப்டை முதலாளி இப்பத்தான் திறந்து விட்டிருக்கார். லேட்டாப் போனா எடுக்க மாட்டாங்க" என்றான். நான் மீதி வாக்கியத்தைக் காவலாளியிடம் சொல்லி முடித்தேன்.

எதிர்ப்பக்கம் உன் லாரி நின்றதைப் பார்த்தேன். நீ முன்னால் உட்கார்ந்திருந்தாய். இறங்கவில்லை.

எனக்கு இரண்டு கேள்வி. நீ மழுப்ப மாட்டாய் என்பதால் உன்னிடம் கேட்கிறேன். முதலில், ஆலை பூட்டியிருந்தபோது, கட்சி இல்லாமல், நான் ஒன்றுமே இல்லாமல் இருந்தபோது, அந்த கேட்டில் எனக்கு முன்னால் நின்றார்களே, அது நிஜமா? அதுவும் யாராவது போட்டதா?

இரண்டாவது, உன் ஓட்டு யாருக்கு?

தம்பி

ஜூலை 1

தம்பிக்கு,

எதிர்ப்பக்கம் நின்றது என் லாரிதான். மைதானத்துக்குப் போகிற வழியில் ஊமையை நிறுத்தச் சொன்னேன். அவன்கூட வாயைத் திறக்காமல் கேட்டான். நன்றாகப் பேசினாய். நான் பார்த்த அத்தனை கூட்டத்திலும் அன்றைக்குத்தான் நன்றாகப் பேசினாய். சங்கு ஊதியதும் வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டேன். எனக்கும் நேரமாகியிருந்தது.

உன் முதல் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கூட்டத்தை நான் போடவில்லை. அப்போது எனக்கு அவ்வளவு நாற்காலியும் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. தார் ரோடு கொதித்தது, செருப்பில்லாதவர்கள் துண்டை விரித்து அதன் மேல் நின்றார்கள். அது நிஜம். ஆனால் உனக்காக நின்றார்களா என்றால், இல்லை. வேலைக்காக நின்றார்கள். அவர்களுக்குச் சொல்ல வராததை நீ சொன்னாய், அதனால் கேட்டார்கள். எம்.பி.யாக இருந்தவரை நீ அந்த கேட்டுக்குப் போகவே இல்லை. மைதானத்துக்கு வரச் சொன்னாய். மைதானத்துக்கு வந்தவர்களை நான் நிற்க வைத்தேன். மில்காரர் இந்த மூன்று வருஷமும் அந்த கேட்டு வழியாகத்தான் தினமும் போய் வந்துகொண்டிருந்தார்.

நாளை அவருக்கு வெற்றிக் கூட்டம். இந்த முறை இருக்கிற எல்லா நாற்காலியையும் கேட்டிருக்கிறார். பாதி வேண்டாமா என்றேன். "இனிமே எதுக்கும்மா, ஜெயிச்சவன்கிட்ட உட்காரத்தான் வருவாங்க" என்றார். அந்த ஆளுக்குப் புத்தி இருக்கிறது. அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

இரண்டாவது கேள்வி. நான் யாருக்கும் போடவில்லை.

ஓட்டுச்சாவடிகளுக்கு நிழல்பந்தல் போடுகிற ஆர்டர் எனக்குத்தான் வந்தது. ஊரில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மூங்கில் நட்டோம். என் சாவடியிலும் நானே நின்று கயிறு இழுத்தேன். சாயங்காலம் அங்கே இருந்த அதிகாரி, "நீங்க போடலியாம்மா, முடியப் போகுது" என்று கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்று சொன்னேன். வேலை ஒன்றும் இல்லை. பந்தல் எல்லாம் விடியும் முன்னேயே முடிந்துவிட்டது. வாசலில் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போனால் என் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

மூன்று வருஷம் என் கை பட்ட கூட்டத்தை உன்னுடைய கூட்டம் என்று நம்பினாய். அதை நம்பித்தான் இவ்வளவும் ஆயிற்று. நான் அந்தப் பூட்டுச் சின்னத்தை அழுத்தியிருந்தால் அந்த ஒன்றையும் மக்கள் போட்டது என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பாய். ஒரு தடவையாவது நான் எதையும் நகர்த்தி வைக்காமல் உனக்கு என்ன வருகிறது என்று நீ பார்க்க வேண்டியிருந்தது.

வந்தது கொஞ்சம்தான். ஆனால் அதில் ஒன்றுகூட நான் போட்டது இல்லை. அத்தனையும் உன்னுடையது. வைத்துக்கொள்.

அக்கா